ஒரு ஆள் குறைகிறது

சினிமா எடுக்கப் போகிறேன், ஒரு மாதத்துக்கு மாடி வேண்டும் என்று பிரீனா வந்து நின்றபோது லீலாபாய் கேட்ட முதல் கேள்வி, கதாநாயகன் யார் என்பதுதான். அப்படி ஒருவரும் இல்லை என்றாள் அந்தப் பெண். பாட்டு? இல்லை. சண்டை? அதுவும் இல்லை. பட்டாளத்தில் இருந்தவர்களும் ஜெயிலில் இருந்தவர்களும் தங்களுக்கு வருகிற கனவைச் சொல்வார்கள், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிக் கனவுதான் வருகிறது, அதைப் படம் பிடிக்கிறேன் என்றாள். லீலாபாய் அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். ஆம்பிளைப் பிள்ளையைப் போல வெட்டிய தலைமுடி, காதில் ஒன்றும் கிடையாது, காலில் மட்டும் விலை கூடிய செருப்பு. அடுத்தவன் கனவைக் கேட்பதற்காக ஒருத்தி சென்னையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு சுசீந்திரத்துக்கு வருகிறாளாம். இதை நம்புவதற்கு லீலாபாயின் காதில் என்ன பூவா சுற்றியிருக்கிறது?

ஆனாலும் மாடியைக் கொடுத்தாள். கொடுக்காவிட்டால் அவள் வேறு எவள் வீட்டுக்காவது போய்விடுவாள். அப்புறம் விஷயம் நாலு வாய் மாறி, உப்பும் புளியும் போய்த்தான் இங்கே வந்து சேரும். நம் மாடியிலேயே நடந்தால் சூட்டோடு கிடைக்கும். துணி காயப்போட, வற்றலைத் திருப்பிப் போட, டேங்கில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, ஒரு வீட்டுக்காரி மொட்டைமாடிக்குப் போக எத்தனையோ காரணம் உண்டு. மாடி அறையின் பின்ஜன்னல் மொட்டைமாடிப் படியைப் பார்த்துத்தான் திறக்கும்.

முதலில் படியேறிப் போனவன் கிளீட்டஸ். மணக்குடியிலிருந்து மொபெட்டில் ஐஸ்பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிறவன். கடற்கரையில் வள்ளம் நிறுத்துகிற தகராறில் ஒரு ஆள் செத்து, அதற்காகப் பாளையங்கோட்டை ஜெயிலில் ஒன்பது வருஷம் கிடந்துவிட்டு வந்தவன் என்பது தெருவுக்கே தெரியும். தெரிந்தும் எல்லோரும் அவனிடம்தான் மீன் வாங்கினார்கள், லீலாபாயும்தான். சாளையின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும். விற்கிறவனின் பூர்வோத்தரம் குழம்புக்குத் தேவையில்லை. ஜெயிலுக்குப் போனவனுக்கு ஜெயில் கனவு வருவதிலும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவதாக ஏறினவர் அடுத்த வீட்டுத் தாணுலிங்கம். அங்கேதான் லீலாபாயின் காது முழுசாகத் திறந்தது.

தாணுலிங்கம் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹவில்தாராகத் திரும்பியவர். மீசை அதற்கு ஒரு சாட்சி, மாதம் ஒருமுறை நாகர்கோவில் மிலிட்டரி கேன்டீனிலிருந்து கலகலவென்று சத்தத்தோடு வருகிற பை இன்னொரு சாட்சி. அவருடைய மகன் ஹரிகுமார் ஆரல்வாய்மொழியில் கரண்டு எடுக்கிற காற்றாடிக் கம்பெனியில் இன்ஜினீயர். அவனுக்குத்தான் லீலாபாய் தன் ஒரே மகள் லட்சுமிப்ரியாவைக் கொடுப்பதாகப் பேச்சு. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று பிள்ளைகள் இதை எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள், பெரியவர்கள்தான் பிந்திப் பேசினார்கள் என்பது வேறு கதை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாணுலிங்கம் வீட்டார் முறைப்படி வந்து தேதி குறிப்பதாக ஏற்பாடு. லீலாபாயின் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. சரி என்று சொல்வதும் வேண்டாம் என்று சொல்வதும் அவள் ஒருத்தி வாயில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாணுலிங்கம் கேமரா முன்னால் உட்கார்ந்தார். சத்தம் விழுகிறது என்று பிரீனா ஃபேனை நிறுத்தச் சொல்லியிருந்தாள், மோட்டார் போடக்கூடாது என்று சொல்லியிருந்தாள். இதைவிட வசதி என்ன வேண்டும்? லீலாபாய் மிளகாய் வற்றல் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியில் நின்றாள். உள்ளே தாணுலிங்கத்தின் குரல், பாங்கில் கையெழுத்துப் போடுகிறவரைப் போல நிதானமாக வந்தது.

"சாயங்காலம் கேட்டியா. கணக்கெடுப்பு நடக்கு. ரெண்டு ரெண்டா குந்தி இருக்கோம், கை ரெண்டும் முட்டுல. எண்ணுகான். ஒரு ஆளு குறையுது. திரும்ப எண்ணுகான், திரும்பவும் ஒரு ஆளு குறையுது. பொழுதுண்ணா அடையவே மாட்டேங்கு. எனக்குப் பக்கத்து இடந்தான் காலி. அது தெரியப்பிடாதுண்ணு நான் கொஞ்சம் அகட்டி இருக்கேன். எண்ணுகவன் எனக்க முன்னால வந்து நிக்கான். அவன் செருப்பு மட்டும் தெரியுது. அதோட முழிச்சிருவேன்."

லீலாபாயின் முறம் சாய்ந்து நாலு மிளகாய் படியில் உருண்டது.

வேறு எவளாக இருந்தாலும், பாவம் மனுஷன், என்னவெல்லாம் கனவு வருகிறது பார் என்று போயிருப்பாள். லீலாபாயால் முடியவில்லை. அவளுடைய அப்பா தாணப்பன், பாளையங்கோட்டையில் ஜெயில் வார்டராக இருந்தவர். பதினான்கு வயது வரைக்கும் அவள் வளர்ந்தது மதிலை ஒட்டிய வார்டர் குவார்ட்டர்ஸில். சாயங்காலம் கைதிகளை அடைப்பதற்கு முன்னால் மதிலுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் எழும்பும்: ரெண்டு ரெண்டாக் குந்து, தலை நிமிரப்பிடாது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடுகிற நேரத்தில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இரண்டிரண்டாகக் குந்தி எண்ணி விளையாடினார்கள்; வார்டர் வேஷம் எப்போதும் லீலாவுக்குத்தான். கைதி ஜோடி ஜோடியாகக் குந்துவான். பட்டாளத்தான் அப்படியில்லை. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்திய இதே தாணுலிங்கம்தானே, மிலிட்டரியில மூணு மூணாத்தாம்லே நிக்கணும் என்று தொண்டை கிழியக் கத்தினார்? மூன்று மூன்றாக நின்ற மனுஷனுக்கு இரண்டிரண்டாகக் குந்துகிற கனவு எங்கிருந்து வந்தது?

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் லீலாபாய் இருபத்தைந்து வருஷத்தைத் திருப்பிப் படித்துவிட்டாள். அவள் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிது. ஹரிகுமார் அப்போது தவழுகிற பிள்ளை. தொடர்ந்து மூன்று வருஷம் தாணுலிங்கம் லீவில் வரவில்லை. எல்லையில் இருக்கிறார், விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவர் பெண்சாதி மீனாட்சியம்மாள் சொன்னாள், தெருவும் சரி என்று கேட்டுக்கொண்டது. ஆனால் அந்த மூன்று வருஷமும் மீனாட்சியம்மாள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினாள். தங்கச்சி வீட்டுக்காம். தங்கச்சி ஒரு தடவையாவது திரும்பி இங்கே வந்தாளா? லீலாபாய் பார்த்து வந்ததில்லை. லீலாபாய் பார்க்காமல் இந்தத் தெருவுக்கு யாரும் வந்ததுமில்லை.

புதன்கிழமை காலையில் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் சுவரோரம் போய் நின்றாள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறோம், சொந்தபந்தம் எல்லாருக்கும் பத்திரிகை வைக்கணும், தங்கச்சி திருநெல்வேலியில் எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். மீனாட்சியம்மாள் கறிவேப்பிலைக் கொத்தை ஒடித்து நீட்டியபடி, பாளையங்கோட்டை என்றாள். நீட்டிய கை சுவர்மேல் ஒரு கணம் நின்றது போலவும் இருந்தது, நிற்காதது போலவும் இருந்தது. லீலாபாய் நின்றது என்றே வைத்துக்கொண்டாள்.

லட்சுமிப்ரியா நாகர்கோவிலில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண். எதையும் உள்ளே வரைக்கும் பார்த்துவிட்டுப் பேசுகிறவள். அம்மா தன் சந்தேகத்தைச் சொன்னதும், ஜெயிலுக்குப் போனவனுக்கு கவர்மென்ட் மிலிட்டரி கேன்டீன் கார்டு கொடுக்குமா என்று ஒரே கேள்வி கேட்டாள்.

"கார்டை நீ பாத்தியா? நான் பாத்தது பாட்டிலைத்தான்" என்றாள் லீலாபாய்.

"அப்படியே இருந்தாத்தான் என்னம்மா? கிளீட்டஸ் அண்ணன் ஜெயில்ல இருந்தவருதான. அவருகிட்ட மீனு வாங்குகோம்லா?"

"மீனுதான்ட்டி வாங்குகோம். பொண்ணையா குடுக்கோம்?"

லட்சுமிப்ரியா டிபன்பாக்ஸை மூடினாள். "ஞாயித்துக்கிழமை வேண்டாம்ணு சொன்னா காரணத்தையும் நீதான் சொல்லணும். அதுவும் ஹரிக்கிட்டயே சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அழுதிருந்தால்கூட லீலாபாய் சமாளித்திருப்பாள்.

மிச்சம் இருந்தது பிரீனாதான். லீலாபாய் ஏத்தங்காய் உப்பேரி வறுத்து ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எதேச்சையாகக் காதில் விழுந்தது என்று தொடங்கி, அடுத்த வீட்டு அண்ணாச்சி எந்த ஜெயிலில் இருந்தாராம் என்று முடித்தாள். பிரீனா சிரித்தாள். அந்தச் சிரிப்பே லீலாபாய்க்குப் பிடிக்கவில்லை. பிறகு அவள் விளக்கினாள்: தாணுலிங்கம் சார் ஒரு கனவு சொன்னார், கிளீட்டஸ் ஒரு கனவு சொன்னார். இரண்டிலும் கணக்கெடுப்பு, இரண்டிலும் ஒரு ஆள் குறைகிறது, இரண்டிலும் பக்கத்து இடம் காலி. ஒருவர் மூன்று மூன்றாக நிற்கிறார், ஒருவர் இரண்டிரண்டாகக் குந்துகிறார், அதுதான் வித்தியாசம். அதனால் ஒருவர் கனவை இன்னொருவர் தன் கனவாகச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டிருக்கிறேன். மூன்று நாளாக மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

"அப்பம் செவ்வாக்கிழமை சொன்னது ஆருக்க கனவு?"

"அதை நான் சொல்லமாட்டேன், ஆன்ட்டி. படத்திலயும் சொல்லமாட்டேன். பாக்கறவங்களுக்குத் தெரியக்கூடாது. அதுதான் படமே."

யார் யார் என்று கடைசி வரைக்கும் சொல்லாத ஒரு சினிமாவை லீலாபாய் தன் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. இரட்டை வேஷம் போட்டால்கூட இடைவேளைக்குப் பிறகு ஒருத்தனுக்கு மச்சம் என்று காட்டிவிடுவார்கள். உப்பேரித் தட்டில் மீதி இருந்ததைக் கையோடு திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது ஒன்று தோன்றியது: மாற்றிச் சொல்வது என்பதே இவர்கள் பேசிவைத்துக் கட்டின கதையாக இருக்கலாம். மனுஷன் தன் கனவையே சொல்லிவிட்டு, கேட்டால் இது அவன் கனவு என்று சொல்லிக்கொள்ளலாமே. கள்ளனுக்கு ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல வைக்கோல்போர் கிடைக்காது.

வாயைக் கேட்டால் பொய் சொல்லும். உடம்பைக் கேட்டால்? அப்பா சொல்வார், பத்து வருஷம் கழித்து டவுன் பஸ்ஸில் பார்த்தாலும் அவர் குரலைக் கேட்டதும் பழைய கைதியின் முட்டு தன்னால் மடங்கும் என்று. வியாழக்கிழமை முழுவதும் லீலாபாய் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அப்பாவின் குரலைப் பிடித்துப் பார்த்தாள். சாயங்காலம் வாக்கில் ஓரளவு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தெருப் பெண்கள் பாதிப் பேர் கோயிலுக்குப் போய்விடுவார்கள். தெருவில் யாரும் மீன் வாங்குவதில்லை, ஆகவே கிளீட்டஸும் வரமாட்டான். தாணுலிங்கம் மட்டும் ஏழு மணிக்கு முன்வாசலில் நின்று ஹோஸ் பிடித்து ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார், மொட்டைமாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஏழு ஐந்துக்கு லீலாபாய் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்றாள். கீழே தாணுலிங்கத்தின் வழுக்கையும் ஹோஸும் தெரிந்தன. அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள்.

"ரெண்டு ரெண்டாக் குந்து! தலை நிமிரப்பிடாது!"

குரல் போன வேகத்தில் அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனுஷன் டேங்குக்குப் பின்னால் நின்று கத்தினது போல இருந்தது.

தாணுலிங்கம் குந்தவில்லை. முட்டு மடங்கவில்லை. ஹோஸ் பிடித்த கை மட்டும் அசையாமல் நின்று, தண்ணீர் ஒரே செடியின் மூட்டில் கொட்டியது. ஆள் சுத்தம் என்று லீலாபாயின் நெஞ்சு பாதி குளிர்ந்து வரும்போது தெருவில் மொபெட் ஒன்று சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

கடைசியாக ஒருதரம் எடுக்க வேண்டும் என்று பிரீனா கிளீட்டஸைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்திருக்கிறாள். ஐஸ்பெட்டி இல்லாமல், தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தவன், வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் குரல் விழுந்திருக்கிறது. விழுந்துகிடந்த மொபெட்டுக்குப் பக்கத்தில், தார்ரோட்டில், அவன் குந்தியிருந்தான். இரண்டு கையும் முட்டில். தலை குனிந்து. இடது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற இடத்தைச் சரியாக விட்டிருந்தான்.

லீலாபாய் டேங்கைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷமாக இவனிடம் செவுள் சிவப்பாக இல்லை என்றும், சாளை நேற்றைய மீன் என்றும் வாயாடுகிறவள் அவள். ஒரு நாளும் அவன் அவள்முன் தலை குனிந்து நின்றதில்லை. மீன் பிடிக்கல்லேண்ணா விடுங்கக்கா என்று பெட்டியை மூடுவான். அவன் எழுந்திருப்பான், எழுந்திருப்பான் என்று பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று அந்தத் தெருவில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எண்ணுகிறவன் எண்ணி முடித்து, கணக்கு சரி என்று சொல்லாமல் எழுந்திரிக்கக் கூடாது. சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் டேங்கை விட்டு நகரவில்லை.

மாடி அறை வாசலில் பிரீனா வந்து நின்றாள். கேமரா அறைக்குள்ளேயே இருந்தது.

தாணுலிங்கம் திரும்பி மொட்டைமாடியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்த மாதிரியும் இல்லை. ஹோஸைச் செடிமூட்டில் போட்டார், கேட்டைத் திறந்தார், வேஷ்டியை மடித்துக் கட்டினார், தெருவில் இறங்கிப் போய் கிளீட்டஸின் இடது பக்கம் காலியாக இருந்த இடத்தில் குந்தினார். அறுபத்தொரு வயது முட்டு மடங்குகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. இரண்டு கையையும் முட்டில் வைத்தார். தலை குனிந்தார். கொஞ்சமும் பிசகு இல்லாத குந்தல். மூன்று வருஷப் பழக்கமா, மூன்று நாள் ஒத்திகையா என்று வார்டர் தாணப்பனே வந்து பார்த்தாலும் சொல்லியிருக்க முடியாது.

"எண்ணு லீலா" என்றார் தலையை நிமிர்த்தாமல். "நீ எண்ணினாத்தான் அவன் எழும்புவான்."

லீலாபாய் கைப்பிடிச்சுவருக்கு வந்தாள். வாயைத் திறந்தபோது அப்பாவின் குரல் போய்விட்டிருந்தது. அவளுடைய சொந்தக் குரல், அதிலும் பாதிதான் இருந்தது.

"ரெண்டு" என்றாள். "கணக்கு சரி. எழும்புங்க."

கிளீட்டஸ் முதலில் எழுந்தான். எழுந்ததும் யாரையும் பார்க்காமல் தாணுலிங்கத்துக்குக் கை கொடுத்துத் தூக்கினான். பிறகு மொபெட்டை நிமிர்த்தி, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தான். கடைசியில் மேலே பார்த்துச் சிரித்தான். "எங்க வார்டருக்குக்கூட இப்படித் தொண்டை கிடையாதுக்கா" என்றான். அவன் சிரித்தது லீலாபாய்க்குக் குந்தியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மீனாட்சியம்மாள் எப்போது வாசலுக்கு வந்தாளோ, குனிந்து குழாயை அடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "கேக்கணும்ணா வாசல்ல வந்து கேட்டிருக்கலாம்லா, லீலா" என்றாள். சத்தம் போடவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்பதையும் சொல்லாமல் உள்ளே போனாள்.

கீழே இறங்கியபோது படியடியில் லட்சுமிப்ரியா கைப்பையோடு நின்றாள். எல்லாவற்றையும் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"தெரியல்ல மக்களே." லீலாபாய் படியிலேயே உட்கார்ந்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஞாயித்துக்கிழமை அவங்க வருவாங்களாண்ணு ஹரிக்கிட்ட கேளு. வந்தா, தேதி குறிச்சிரலாம்."

சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஹரிகுமார் என்ன சொன்னான் என்று மகளிடம் மூன்று தடவை கேட்டாள்; அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லல்லியாம் என்று மூன்று தடவையும் ஒரே பதில். அன்றைக்கு முழுவதும் ஊராருடைய ஒரு விஷயமும் லீலாபாயின் காதில் ஏறவில்லை. கோயில் தெருவில் ஒரு வீட்டு மருமகள் பெட்டியோடு பிறந்தவீட்டுக்குப் போனாள் என்று ஒருத்தி வந்து சொல்ல, ஆமாவா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். வந்தவள் பயந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அடுத்த வீட்டுக் கேட் திறந்தது. லீலாபாய் ஜன்னல் திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தாள். பட்டுச்சேலையில் மீனாட்சியம்மாள், கையில் தாம்பாளம். பின்னால் தாணுலிங்கம், ஹரிகுமார். ஆக மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று பேராக வருகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார்களோ?

அவர்கள் கேட்டடியில் நின்றார்கள். தாணுலிங்கம் தெருக்கோடியைப் பார்த்தார். மொபெட் சத்தம் கேட்டது. அதே தேய்த்த சட்டையில் கிளீட்டஸ் வந்து இறங்கி, ஸ்டாண்டு போட்டு, அவர்களோடு சேர்ந்துகொண்டான். நாலு பேர்.

லீலாபாய் திரையை விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். கூடத்தில் மூன்று நாற்காலிதான் போட்டிருந்தது. நாலாவதை அடுக்களையிலிருந்து அவளே தூக்கிக்கொண்டு வந்து போட்டு, வாசலுக்குப் போய், வாருங்க, எல்லாரும் வாருங்க என்றாள். கிளீட்டஸை இந்த வாசலுக்குள் அவள் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

மீனாட்சியம்மாள் தாம்பாளத்தை நடுவில் வைத்தாள். ஆவணியில் இரண்டு முகூர்த்தம் இருக்கிறது என்று ஹரிகுமார் போனைப் பார்த்துச் சொன்னான். லட்சுமிப்ரியா கதவோரம் நின்று அம்மாவைப் பார்த்தாள். முதல் முகூர்த்தமே இருக்கட்டும் என்றாள் லீலாபாய்.

பேச்சு முடிந்து தாணுலிங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இரண்டு கையையும் எடுத்து முட்டில் வைத்தார். லீலாபாய் பார்த்தாள். கிளீட்டஸின் கையையும் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குமேல் நிற்காமல் காப்பி எடுக்க உள்ளே போனாள்.